ஊற்றுமுன் எழுது

வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் லாரிப் பட்டறையில் தொழில் பழக வருகிற பையனின் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் தண்ணீர் லாரிதான். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அந்த நாட்களில் தெற்குச் சென்னையின் தண்ணீர் லாரிகளுக்கு இரவும் இல்லை, பகலும் இல்லை. பின்னால் 9,000 லிட்டரோ 12,000 லிட்டரோ சுமந்த வண்டி, முன்னால் இருபது லிட்டர் சரியாக இல்லாமல் கொதித்து நடுரோட்டில் நிற்பதை அப்போது இந்த வட்டாரம் நன்றாகவே பார்த்தது.

தம்பி, ரேடியேட்டரில் மட்டம் ஏறுவதும் இறங்குவதும் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். “தண்ணி குறையுது” என்ற சொல்லைக் கேட்டவுடன் ஹெட்டைக் கழற்றப் போகிறவனும் இருக்கிறான். தினம் ஒரு குடம் ஊற்றியே ஆறு மாதம் ஓட்டுகிறவனும் இருக்கிறான். நீ இரண்டு பேரையும் பின்பற்றாதே.

1. முதலில் ஆட்களை விசாரி, அப்புறம் வண்டியைப் பார்.

தண்ணீர் லாரிக்கு இரண்டு டிரைவர், ஒரு கிளீனர் என்று மூன்று கைகள் உண்டு. காலை டிரைவர் கிளம்புமுன் ஊற்றுவான், மாலை டிரைவருக்கு அது தெரியாது. கிளீனர் யாரிடமும் சொல்லாமல் விளிம்புவரை நிரப்பியிருப்பான். “குறையவே இல்லண்ணே” என்பதும், “ஏறுது, வழியுது” என்பதும் பாதி நேரம் இப்படித்தான் பிறக்கிறது. மூன்று பேரையும் தனித்தனியாகக் கேள். கடைசியாக யார் ஊற்றியது, எவ்வளவு, என்ன தண்ணீர், எஞ்சின் சூடாக இருந்ததா என்று கேள். ஹோஸ், வாட்டர் பாடி (வாட்டர் பம்ப்), ரேடியேட்டர் எதையாவது சமீபத்தில் கழற்றி மாட்டினார்களா என்பதையும் கேட்டுவிடு.

2. சூடான வண்டியின் மூடியைத் திறக்காதே.

ரேடியேட்டர் மூடி, குக்கர் வெயிட் போல, உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகினால் அந்த அழுத்தம் ஒரு நொடியில் போய்விடும். அதுவரை அடங்கிக் கிடந்தது மொத்தமாகக் கொதித்து முகத்துக்கு வரும். மேல் ஹோஸை அழுத்திப் பார். அது விறைப்பாக இருந்தால் காத்திரு. விறைப்பும் சூடும் தணிந்த பிறகு, கனமான துணியைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதல் பிடிவரை மட்டும் திருகி, சத்தம் அடங்கியபின் முழுதாகத் திற. ஓனர் அவசரப்படுத்தினாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

3. ஒரே நேரம், ஒரே இடம், ஒரே சூடு.

எஞ்சினும் ரேடியேட்டரும் சேர்ந்து 20 லிட்டர் கொள்ளும் வண்டி என்று வை. காலையில் 30 டிகிரியில் இருக்கிற தண்ணீர் ஓட்டத்தில் 90 டிகிரிக்குப் போனால் சுமார் 3 சதவீதம் விரியும். அதாவது 600 மில்லிக்கும் மேல். கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சற்றுக் கூடும். ஒரு கோளாறும் இல்லாத வண்டியிலேயே காலை மட்டத்துக்கும் மாலை மட்டத்துக்கும் அரை லிட்டருக்கு மேல் வித்தியாசம் தெரியும் என்று அர்த்தம். இரவு சூடாகப் பார்த்துவிட்டு, காலையில் ஆறியபின் பார்த்து, “ராத்திரியோட ராத்திரியா குறைஞ்சிடுச்சு” என்பவன் பார்த்தது குறைவை அல்ல, ஆறிச் சுருங்கியதை.

இடமும் முக்கியம். ஒரு பக்கச் சக்கரம் பிளாட்பாரத்தில் ஏறி நின்றால் ரிசர்வ் டேங்கின் கோடு பொய் சொல்லும். காலையில் ஸ்டார்ட் செய்யுமுன், சமதரையில், தினமும் ஒரே இடத்தில் நிறுத்திப் பார். அப்படிப் பார்த்த மட்டத்தை மட்டும் கணக்கில் எடு.

4. ஊற்றுமுன் எழுது.

இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஊற்றிய நிமிடத்தில் சாட்சி அழிந்துவிடுகிறது. கோட்டுக்கு எவ்வளவு கீழே இருந்தது, எவ்வளவு மில்லி ஊற்றினாய், கிலோமீட்டர் எத்தனை, எத்தனை ட்ரிப் ஓடியது என்ற நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வை. ஊற்றுவதற்குக் குடமோ சொம்போ வேண்டாம். அளவுக் கோடு போட்ட பாத்திரம் வைத்துக்கொள்.

ஒரு வாரக் கணக்கு கையில் இருந்தால் வண்டியே பேசும். முதல் இரண்டு நாள் குறைந்து பிறகு நின்றுவிட்டால் ஒரு கதை. நின்றாலும் ஓடினாலும் ஒரே அளவு குறைந்தால் வேறு கதை. லோடு ஏற்றி ஓடிய நாளில் மட்டும் குறைந்தால் மூன்றாவது கதை. குறையாமல் ஏறினால் நான்காவது. இனிமேல் சொல்வதெல்லாம் இந்த நான்கைப் பிரித்துப் படிப்பது பற்றித்தான்.

5. புதிதாக நிரப்பிய வண்டிக்குச் சில நாள் தவணை கொடு.

ரேடியேட்டரோ ஹோஸோ கழற்றி மாட்டியபின் உள்ளே காற்று தங்கும். தெர்மோஸ்டாட் பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் 80 டிகிரியைத் தாண்டியபின்தான் திறக்கத் தொடங்கும். அதுவரை அதன் பின்னால் சிக்கிய காற்றுக்கு வழி கிடையாது. சூடாகி ஆறும்போதெல்லாம் கொஞ்சம் காற்று வெளியேறும், அந்த இடத்துக்குத் தண்ணீர் போகும், மட்டம் இறங்கும். சில முறை இப்படி நடந்து நின்றுவிட்டால் அது கசிவு அல்ல. காற்று எடுக்கும் ஸ்க்ரூ இருந்தால் அதைத் தளர்த்தி, மெதுவாக ஊற்று. வேகமாக ஊற்றினால் நீயே காற்றை உள்ளே தள்ளுகிறாய்.

6. விலை குறைந்ததை முதலில் சந்தேகி.

மூடிக்குள் இரண்டு வால்வு உண்டு. சூட்டில் அழுத்தம் கூடினால் ஒன்று திறந்து ரிசர்வ் டேங்குக்கு விடும். ஆறும்போது மற்றது திறந்து அங்கிருந்து திரும்ப இழுக்கும். முதல் வால்வு தளர்ந்தால் நல்ல எஞ்சினும் வழியவிடும், சீக்கிரம் கொதிக்கும். இரண்டாவது ஒட்டிக்கொண்டால் ரிசர்வ் டேங்க் நிறைந்து நிற்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். காலையில் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடந்தால் காரணம் பெரும்பாலும் அந்த இரண்டாவது வால்வுதான். ரிசர்வ் டேங்கை மட்டும் பார்த்து “ஃபுல்லா இருக்கு” என்று சொல்லாதே.

மூடியின் மேல் அழுத்த எண் பொறித்திருக்கும். ஜி.பி. ரோட்டில் வாங்கும்போது அந்த எண்ணைச் சொல்லிக் கேள். வாய் பொருந்துகிறது என்பது போதாது. புதுப்பேட்டையில் பழைய பாகம் எத்தனையோ நல்லதாகக் கிடைக்கும். மூடியை மட்டும் பழையதாக வாங்காதே, உள்ளே ரப்பர் எப்படி இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

7. தண்ணீர் லாரியில் ஈரத்தை நம்பாதே, கறையை நம்பு.

மற்ற லாரியில் கீழே சொட்டினால் தெரிந்துவிடும். தண்ணீர் லாரி எப்போதும் எங்கேயாவது சொட்டிக்கொண்டேதான் இருக்கும். வால்விலிருந்தும் மேல்மூடியிலிருந்தும் சிந்தியது சேஸிஸ் வழியே முன்பக்கம் வரை வரும். இப்போது கேபினில் ஏ.சி. வைத்த வண்டிகளும் வருகின்றன. 2025 அக்டோபர் முதல் செய்யப்படும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு அது கட்டாயம். அதன் தண்ணீரும் கீழே விழும். ஆகவே இரவு டேங்கைக் காலி செய்து நிறுத்தி, எஞ்சினுக்குக் கீழே காய்ந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடு. காலையில் அட்டையில் எந்த இடத்தில், என்ன நிறத்தில் கறை இருக்கிறது என்று பார். விரலில் தேய்த்தால் கூலன்ட் வழுவழுப்பாக இருக்கும், வெறும் தண்ணீர் அப்படி இருக்காது. நாக்கில் வைத்து மட்டும் பார்க்காதே, அது விஷம்.

சூடான இடத்தில் கசிவது தரைக்கு வருமுன்னே ஆவியாகிவிடும். வெள்ளை, பச்சை, சிவப்பு என்று காய்ந்த தடம் மட்டும் நிற்கும். ஹோஸ் முனை, கிளிப், ரேடியேட்டர் மூலை, எஞ்சின் பக்கவாட்டுத் தட்டுகள் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார். வாட்டர் பாடியின் கீழே சிறிய துளை ஒன்று இருக்கும். உள்ளே சீல் போனால் நமக்குக் காட்டுவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். அங்கே ஈரம் வந்தால் வாட்டர் பாடியை மாற்று. எம்-சீல் வைத்து அந்தத் துளையை அடைக்கிறவன், வெளியே வரவேண்டிய தண்ணீரைப் பேரிங்குக்கு அனுப்புகிறான்.

கண்ணுக்கு எதுவும் சிக்கவில்லையென்றால் பிரஷர் டெஸ்டர் பம்பை வை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், மூடியில் பொறித்த அளவுக்கு மேல் ஏற்றக் கூடாது. கால் மணி நேரம் முள் நின்றால் அந்தச் சூட்டில் கசிவு இல்லை. சில இணைப்புகள் ஆறியபோது கசிந்து, சூட்டில் விரிந்து அடைந்துகொள்ளும். சில அதற்கு நேர்மாறு. அதனால் ஒருமுறை பார்த்து முடிவு சொல்லாதே.

8. குறைகிற மட்டத்தைவிட ஏறுகிற மட்டத்துக்கு அதிகம் பயப்படு.

யாரும் ஊற்றாமல், ஆறிய எஞ்சினில், மட்டம் ஏறியோ வழிந்தோ இருந்தால் உள்ளே வேறு ஏதோ நுழைந்து கூலன்டைத் தள்ளுகிறது. பெரும்பாலும் அது வாயு. ஹெட் கேஸ்கெட் விட்டுப்போனாலோ ஹெட்டில் விரிசல் விழுந்தாலோ சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்கு வரும். இதற்குக் காலையில் ஒரு சோதனை செய். ஆறிய வண்டியில் மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய், மேல் ஹோஸில் கை வை. எஞ்சின் சூடாகுமுன்னே ஹோஸ் கல்லாக விறைத்தால் அந்த அழுத்தம் சூட்டால் வந்தது அல்ல.

நீல மருந்து ஊற்றிய சோதனைக் குழாய் இருந்தால் ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார். எரிந்த வாயு பட்டால் நிறம் மாறும்; பெட்ரோல் வண்டியில் மஞ்சளாகும், டீசலில் பச்சையோடு நின்றுவிடுவதும் உண்டு. டீசல் எஞ்சின் ஐட்லிங்கில் காற்றை அதிகம் இழுப்பதால் சோதனை மங்கலாகவே காட்டும். ஆகவே எஞ்சினுக்குக் கொஞ்சம் வேலை கொடுத்தபின் வைத்துப் பார். லோடு ஏற்றி ஓடிய நாளில் மட்டும் தள்ளுகிற வண்டி ஐட்லிங்கில் அப்பாவியாக நிற்கும்.

9. ஹெட்டில் ஸ்பானர் வைக்குமுன் கம்ப்ரசரைப் பார்.

இது லாரிக்கே உரிய பாடம். கார் மெக்கானிக்குக்கு இது தேவைப்படுவதில்லை. ஏர் பிரேக் கம்ப்ரசரின் தலையைப் பல வண்டிகளில் எஞ்சின் கூலன்ட்தான் குளிர்விக்கிறது. அதன் கேஸ்கெட் போனால் காற்று ரேடியேட்டருக்கு வரும். குமிழி வரும், மட்டம் ஏறும், வழியும். எல்லாம் ஹெட் கேஸ்கெட் போனது போலவே இருக்கும். அதை நம்பி ஹெட்டைக் கழற்றி, பிளேனிங் செய்து, புது கேஸ்கெட் போட்டு மாட்டினாலும் குமிழி அப்படியே வரும்.

பிரிக்கும் வழி சுலபம். ஆறிய எஞ்சினை மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்து குமிழியைப் பார். ஏர் டேங்க் நிறைந்து அன்லோடர் வால்வ் விடுகிற நேரம் குமிழி குறைகிறதா? குறைந்தால் சந்தேகம் கம்ப்ரசர் மேல். உறுதி செய்ய, கம்ப்ரசருக்குப் போகும் தண்ணீர் லைனைக் கழற்றி, எஞ்சின் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரு ஹோஸால் இணைத்துவிட்டு, வண்டியை நகர்த்தாமல் கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டிப் பார். ஏர் டேங்கின் வடிகாலையும் திற. சென்னையின் ஈரக்காற்றில் தெளிந்த தண்ணீர் கொஞ்சம் வருவது சகஜம். நிறமும் வழுவழுப்பும் இருந்தால் கூலன்ட் பிரேக் லைனுக்குப் போகிறது. அந்த வண்டியை ரோட்டுக்கு அனுப்பாதே.

10. வெளியே தடம் இல்லாமல் மறைவது எங்கே போகிறது என்று வரிசையாகக் கேள்.

முன்பு சொன்ன ஏர் டேங்கை விட்டால், போகக்கூடிய வழி இரண்டுதான்: ஆயில் சேம்பர் அல்லது சைலன்சர். சேம்பருக்கான சோதனை காலையில், ஸ்டார்ட் செய்யுமுன். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், இரவெல்லாம் அடியில் தங்கியிருக்கும். வடிகால் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தினால் முதலில் சொட்டுவது தண்ணீரா ஆயிலா என்று தெரிந்துவிடும். தண்ணீர் வந்தால் லைனரின் ஓ-ரிங், ஆயில் கூலர், கேஸ்கெட் என்று தேடு.

சேம்பர் சுத்தம், சைலன்சரில் மட்டும் வெள்ளைப் புகை நீடிக்கிறது, ஒரு தித்திப்பு வாடை வருகிறது என்றால் கூலன்ட் எரிந்து போகிறது. இங்கேயும் உடனே ஹெட்டுக்குப் போகாதே. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகள் பலவற்றில், அதற்கு முந்தியவை சிலவற்றிலும், புகையின் ஒரு பகுதியைக் குளிரவைத்து எஞ்சினுக்கே திருப்பும் ஈ.ஜி.ஆர். கூலர் உண்டு. அதன் உட்குழாயில் விரிசல் விழுந்தால் ஆயிலில் ஒரு துளி இல்லாமல், தரையில் ஒரு கறை இல்லாமல், கூலன்ட் நேராகப் புகைவழிக்குப் போகும். அதைத் தனியாகக் கழற்றி அழுத்தம் கொடுத்துப் பார்.

ஒன்றை மறக்காதே. இரவு மட்டம் இறங்கி, காலையில் ஸ்டார்ட்டர் “டொக்” என்று நின்றால், இரண்டாவது முறை சாவியைத் திருப்பாதே. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கலாம். தண்ணீர் நசுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். இன்ஜெக்டரைக் கழற்றிக் கையால் சுற்றிப் பார்.

11. ஆயில் பால் நிறமானதும் தீர்ப்பு எழுதாதே.

2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியில் நின்ற வண்டிகளில் ஆயில் வெளுத்தது கேஸ்கெட்டால் அல்ல, தெருத்தண்ணீரால். மழை அறிவிப்பு வந்ததும் கார்க்காரர்கள் மேம்பாலத்தில் வரிசை கட்டுவது அதன்பின் வழக்கமாகிவிட்டது; எல்லா லாரிக்கும் அங்கே இடம் கிடைப்பதில்லை. முழங்கால் தண்ணீரில் நின்ற வண்டி வந்தால் முதலில் ஏர் ஃபில்டர், ஆயில், கியர்பாக்ஸ், கிரவுன் எல்லாம் பார். ஸ்டார்ட் செய்வதைக் கடைசியில் வை. ரேடியேட்டரின் இடுக்குகளில் சேறு அடைத்திருக்கும். மட்டம் சரியாக இருந்தும் கொதிக்கும்.

அதேபோல் பக்கத்துத் தெருவுக்கே ட்ரிப் அடிக்கிற வண்டி முழுச் சூட்டுக்கு வருமுன் நின்றுவிடும். ஆயில் மூடியின் அடியில் மட்டும் வெள்ளைப் பசை கண்டால் அது உள்ளே வேர்த்த ஈரமாகவும் இருக்கலாம். அளவுக் கம்பியில் ஆயில் ஏறியிருக்கிறதா, கூலன்ட் நோட்டில் குறைவு பதிந்திருக்கிறதா என்று இரண்டையும் ஒப்பிடு. கூலன்டில் ஆயில் மிதந்தால் ஆயில் கூலரைச் சந்தேகி. ஓடும்போது ஆயில் அழுத்தம் அதிகம், அதனால் ஆயில் தண்ணீருக்குப் போகும். நிறுத்தியபின் கூலன்டின் அழுத்தம் மிஞ்சும், திசை மாறும்.

12. பின்னால் சுமக்கும் தண்ணீரை முன்னால் ஊற்றாதே.

இந்தப் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமும் உள்ளது. அது லைனரைச் சுற்றிப் படிந்தால் சூடு வெளியே வராது. “நம்ம ஊர்ல பனியா உறையுது, எதுக்குக் கூலன்ட்?” என்று கேட்பார்கள். பதில் சொல்லத் தெரிந்துகொள். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்தால் கொதிநிலை ஏறும். அதிலுள்ள மருந்துகள் துருவைத் தடுக்கும். டீசலுக்கு மூன்றாவது காரணமும் உண்டு. பிஸ்டன் இடிக்கும்போது லைனர் அதிரும். அதிர்வில் தண்ணீர்ப் பக்கம் நுண்ணிய ஆவிக்குமிழிகள் பிறந்து உடையும். ஒவ்வொரு உடைவும் இரும்பைக் கொஞ்சம் கொத்தி எடுக்கும். நாளடைவில் லைனரில் ஊசித்துளை விழுந்து கூலன்ட் சேம்பருக்குப் போகும். கூலன்டின் மருந்து லைனர்மேல் படலமாக நின்று அதைத் தடுக்கிறது. மூடி தளர்ந்து அழுத்தம் குறைந்தால் இந்தக் கொத்தல் கூடும் என்பதையும் சேர்த்து நினைவில் வை.

கம்பெனி புத்தகம் சொல்லும் வகையை மட்டும் வாங்கு. நிறத்தைப் பார்த்துக் கலக்காதே. ஒரே நிறத்தில் வேறு வேறு மருந்து உண்டு, சேராதவை சேர்ந்தால் கூழாகும். கலக்க டிஸ்டில்ட் வாட்டர் பயன்படுத்து. வழியில் கொதித்து நின்ற வண்டிக்கு வேறு தண்ணீரே இல்லாமல் ஊற்ற நேர்ந்தால், ஆறவிட்டு ஊற்று, வந்து சேர்ந்ததும் வடித்துச் சுத்தம் செய். காய்ந்த எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஹெட் வெடிக்கும்.

13. முள்ளை நம்பாதே, தெர்மோஸ்டாட்டை எறியாதே.

மட்டம் மிகவும் இறங்கினால் வெப்பம் காட்டும் சென்சார் தண்ணீரில் இல்லாமல் காற்றில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும், முள் அமைதியாக இருக்கும். “ஹீட் காட்டலையே” என்பது சமாதானம் ஆகாது. ஹீட் ஆகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவதும் வைத்தியம் ஆகாது. எஞ்சின் சூடேறாமல் தேயும், டீசல் குடிக்கும். சில எஞ்சின்களில் பைபாஸ் வழி திறந்தே கிடந்து, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்னும் கொதிக்கும்.

14. வடித்ததைத் தெருவில் விடாதே.

கூலன்ட் இனிக்கும்; நாய் நக்கும், குழந்தை குடிக்கும், இரண்டுக்கும் சிறுநீரகம் போகும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. வேளச்சேரியின் வடிகால் வீராங்கால் ஓடை வழியே பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகிறது. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த நிலம் அது. மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயிலோடு கலக்காமல் தனியாக வைத்து, கழிவு எடுக்க உரிமம் பெற்றவர்களிடம் கொடு.

15. நோட்டைக் காட்டிப் பேசு.

ஓனருக்கு வண்டி நின்றால் ட்ரிப் போச்சு. “ஹெட் போயிருக்கும் சார்” என்று ஊகத்தைச் சொன்னால் அவர் வேறு பட்டறைக்குப் போவார், அல்லது உன்னை நம்பிச் செலவழித்துவிட்டுப் பிறகு திட்டுவார். ஏழு நாள் கணக்கைக் காட்டி, எதையெல்லாம் பார்த்தாகிவிட்டது, எது மிச்சம், அடுத்த சோதனைக்கு என்ன செலவு என்று சொல். வாரத்துக்கு 100 மில்லி குறைகிற வண்டியை நோட்டோடு ஓடவிடலாம். தினமும் ஒரு லிட்டர் குறைந்தால், ஆயிலில் தண்ணீர் கண்டால், ஆறிய எஞ்சினில் ஹோஸ் விறைத்தால், ஏர் டேங்கில் கூலன்ட் வந்தால், அந்த வண்டி அன்றே நிற்க வேண்டும். இந்த நான்கில் எதைக் கண்டாலும் சாவியை வாங்கி உன் பையில் போட்டுக்கொண்டு அப்புறம் ஓனருக்குப் போன் செய்.